ஒழுகும் கூரையும் குடியிருப்போர் உரிமையும்

மழைக்காலம் வந்துவிட்டால் மும்பையில் வாழும் நம் அன்பர் பலர், ஒழுகும் கூரைக்குக் கீழே பாத்திரம் வைத்தே இரவைக் கழிக்கின்றனர். வீட்டுக்காரரிடம் வாய்மொழியாக முறையிட்டுச் சலித்தோர் சட்டத்தின் துணையை நாடலாமே!

மாறான ஒப்பந்தம் இல்லாவிடில், வீட்டைப் பழுதின்றி வைத்திருப்பது உரிமையாளரின் கடமை என்கிறது 1999-ஆம் ஆண்டு மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு. தபாலில் அறிவிப்பு அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அறிவிப்புச் சேர்ந்து 15 நாட்களாகியும் அவர் அசையாவிடில், நீங்களே பழுது பார்த்துச் செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் அத்தொகை ஆண்டு வாடகையில் கால் பங்கை மீறலாகாது. சினத்தால் வாடகையை அடியோடு நிறுத்துவது வெளியேற்ற வழக்குக்கே வழிகோலும்.

‘லீவ் அண்ட் லைசென்ஸ்’ முறையில் குடியேறுவோர் இவ்வுரிமையை நம்பியிராமல், பழுதுபார்ப்பது யார் பொறுப்பு என்பதைக் கையொப்பமிடுமுன்பே ஒப்பந்தத்தில் எழுதுவித்துக்கொள்வது நலம்.