இடுப்பையும் அளந்து எழுதுங்கள்

“ஆள் ஒல்லிதானே, இவருக்கு எப்படி சர்க்கரை வந்தது?” நம் வீடுகளில் அடிக்கடி எழும் கேள்வி இது. கை, கால் மெலிந்திருக்கும். வயிறு மட்டும் சற்று முன்தள்ளியிருக்கும். லேசான தொப்பைதானே என்று விட்டுவிடுகிறோம். எடை பார்த்து, ‘சரியாக இருக்கிறது’ என்று மருத்துவமனையிலும் அனுப்பிவிடுகிறார்கள். நம் உடல்வாகுக்கு எடை மட்டும் போதாது. இடுப்பளவையும் எடுத்தாக வேண்டும்.

இங்கிலாந்தில் 14 லட்சத்துக்கும் அதிகமானோரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாக்கியது. உடல் நிறை குறியீட்டெண் (பிஎம்ஐ) 30ஐத் தொடும்போது வெள்ளையருக்கு ஏற்படும் நீரிழிவு ஆபத்து, தெற்காசியருக்கு 23.9லேயே வந்துவிடுகிறது. 165 செ.மீ. உயரமுள்ள வெள்ளையர் 82 கிலோவில் சந்திக்கும் ஆபத்தை, அதே உயரமுள்ள நம்மவர் 65 கிலோவில் சந்திக்கிறார். அந்த 65 கிலோக்காரரைக் குண்டு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

தோலுக்கடியில் கொழுப்பைச் சேமிக்கும் திறன் நமக்குக் குறைவு என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். குதிர் நிரம்பினால் நெல் வெளியே சிந்துவதுபோல, மிஞ்சிய கொழுப்பு கல்லீரலிலும் கணையத்திலும் குடலைச் சுற்றியும் படிகிறது. இன்சுலின் சரிவர வேலை செய்ய முடியாமல் போகிறது.

இதை நம் தலையெழுத்து என்று சொல்லித் தப்பிக்க முடியாது. புணே அருகே கிராமங்களில் மருத்துவர் யாக்னிக் குழுவினர் பிறந்த குழந்தைகளை அளந்தார்கள். சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. தசை வெகுவாகக் குறைந்திருந்தும் முதுகுத் தோலடிக் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. கர்ப்பிணியின் ஊட்டத்திலிருந்தே இந்தக் கதை தொடங்குகிறது. வளர்ந்த பிறகும் இதை மாற்ற முடியும். நீரிழிவின் விளிம்பில் இருந்தவர்களிடம் உணவிலும் நடையிலும் மாற்றம் கொண்டுவந்து, நோய் வரும் வாய்ப்பை 28.5% குறைக்கலாம் என்று 2006இல் நிரூபித்தது சென்னை மருத்துவர் ராமச்சந்திரனின் குழு.

எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை செய்தால் போதாதா என்று கேட்கலாம். சர்க்கரை ஏறிய பிறகுதான் ரத்தம் சொல்லும். இடுப்பு அதற்கு முன்பே சொல்லிவிடும். இரண்டும் தேவை.

ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. என்பது இந்தியர்களுக்கு வகுக்கப்பட்ட எல்லை. வீடு வீடாக நிரப்பப்படும் தொற்றா நோய்ப் படிவத்திலும் இடுப்பளவுக்கு இடம் இருக்கிறது. அதைக் கேட்டு எழுதக் கூடாது. அளந்து எழுத வேண்டும். தொப்பைக்குக் கீழே பெல்ட் கட்டுகிறவரின் பேன்ட் சைஸ் பல ஆண்டுகள் மாறாமலே இருக்கும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை வெளியே விட்ட நிலையில் எடுப்பதே சரியான அளவு.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) தேசிய ஆய்வுப்படி தமிழகத்தில் வயதுவந்தோரில் 14.4% பேருக்கு நீரிழிவு இருக்கிறது. 30 வயதைக் கடந்த ஒவ்வொருவரின் ஓ.பி. சீட்டிலும் இடுப்பளவு எழுதப்பட வேண்டும் என்று அரசு ஆணையிட வேண்டும். எல்லையைத் தாண்டியவர்களுக்கு அன்றே ரத்தப் பரிசோதனை நடக்க வேண்டும். இதற்குப் புதிய கருவியோ புதிய கட்டடமோ வேண்டாம். தையல்கடையில் தொங்கும் இன்ச் டேப் ஒன்று, ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் எடை இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்தால் போதும்.