தெருப்பாட்டும் பேரரங்கும்

ஒரு மொழியின் பாட்டு எங்கே பிறக்கின்றது என்பது ஒரு வினா. எங்கே அரங்கேறுகின்றது என்பது மற்றொரு வினா. முன்னையதற்கு வயலும் தெருவும் இழவு வீடும் விடை கூறும். பின்னையதற்குப் பண்டைக்காலத்தில் வேந்தர் அவையும், இக்காலத்தில் பல்லாயிரவர் கூடும் பேரரங்கும் விடை கூறும். இவ்விரண்டிற்கும் இடையே கிடக்கும் வழியிற் செல்வார் எவரை உடன் அழைத்துச் செல்லுதல் வேண்டும் என்பது குறித்து எமக்குத் தோன்றிய சிலவற்றை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

நம் கல்லூரி மாணவரிடையே இந்நாளில் ராப் பாட்டைப் பற்றிய பேச்சே மிகுதி. பாடகர் ஒருவர் புதிய இசைத்தொகுதி ஒன்றை வெளியிடுவார். அதனை முன்னிட்டு நகர்தொறும் சென்று பேரரங்குகளிற் பாடுவார். இளைஞர் நுழைவுச் சீட்டுக்குக் காத்துக் கிடப்பர். இவ்வழக்கம் அமெரிக்காவினின்றும் வந்தது. 1973-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 11-ஆம் நாள், நியூயார்க்கு நகரின் பிராங்ஸ் பகுதியில், உழைப்பாளர் குடும்பங்கள் வாழ்ந்த அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் நிகழ்ந்த விருந்தையே ஹிப்ஹாப் கலையின் பிறந்த நாளாகக் கொண்டாடுவர். அவ்விருந்தில் இசைத்தட்டுகளைச் சுழற்றியவர் ஜமைக்காத் தீவிலிருந்து குடியேறிய கூல் ஹெர்க் என்னும் இளைஞர். 11 ஆண்டுகள் கழிந்தபின், 1984-ல், 'ஃபிரெஷ் ஃபெஸ்ட்' என்னும் பெயரால் ராப் பாடகர் பலர் ஒருங்கு கூடி அந்நாட்டுப் பேரரங்குகளைச் சுற்றிவந்து பாடினர். தெருவில் தோன்றிய பாட்டு அரங்கினுள் நுழைந்த வரலாறு இதுவாகும்.

தமிழிலோ, 1994-ல் வெளிவந்த 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்' அப்பெயரைப் பட்டிதொட்டி எங்கும் பரப்பிற்று. 2006-ல் மலேசியத் தமிழராகிய யோகி பி, நட்சத்ரா குழுவினரோடு கூடி 'வல்லவன்' என்னும் தொகுதியை வெளியிட்டார். 2012-ல் 'ஹிப்ஹாப் தமிழன்' என்னும் தொகுதியைத் தந்த 'ஹிப்ஹாப் தமிழா' குழுவினர், பின்னர்ப் பெருந்திடல்களிலும் கடல் கடந்த நாடுகளிலும் பாடலாயினர். பேரரங்கு இன்று தமிழ் ராப்புக்கும் எட்டாத இடமன்று.

இதுபற்றி நம்மிடையே இரு கட்சியார் உளர். பெரியோர் சிலர், "இஃது அயலார் கூச்சல், தமிழ் அன்று" என்பர். இளையோர் பலர், "எத்தனை ஆயிரவர் கூடினர், அத்தனை பெரிது பாட்டு" என்பர். இவ்விரு கட்சியும் எமக்கு உடன்பாடல்ல.

பெரியோர்க்குப் பணிவுடன் ஒன்று கூறுவோம். ராப் பாட்டு நிற்பது எதுகையிலும் மோனையிலும் இயைபிலும். இவை தமிழுக்குப் புதியன அல்ல. வேற்றிடத்து வடிவம் வந்து கலத்தலும் புதிதன்று. உழவர் பாட்டினின்று பள்ளு எழுந்தது. குறத்தியின் குறிப்பாட்டினின்று குறவஞ்சி எழுந்தது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) அக்குறத்தியின் நாவிலேயே கிறிஸ்து பெருமானின் செய்தியை வைத்துப் 'பெத்லகேம் குறவஞ்சி' இயற்றினார். தெருவில் குறி சொல்வாளது பாட்டில் வேதப்பொருளை அமைக்கலாமோ என அவர் அஞ்சியிருப்பின், நமக்கு அந்நூல் கிடைத்திராது. ராப் பாட்டுகளிற் சில பெண்டிரை இழித்துரைப்பன என்பது உண்மையே. அவற்றைக் கண்டிக்கத்தான் வேண்டும். ஆயின் களையைக் கண்டு வயலையே வெறுப்பார் உழவராகார்.

இனி, இளையோர்க்கு. கூட்டத்தின் அளவு பாட்டின் அளவாகுமா? பழந்தமிழர் இதற்கு வேறோர் அளவுகோல் வைத்திருந்தனர். அதுவே ஆற்றுப்படை. வள்ளல் ஒருவனைப் பாடிப் பரிசில் பெற்று மீளும் கலைஞன், வழியில் வறுமையால் வாடிவரும் மற்றொரு கலைஞனைக் காண்கின்றான். தான் பெற்றதை மறைத்துக் கடந்து போகின்றானில்லை. "இவ்வழியே செல்க, இன்ன ஊர் கடப்பாய், இன்னானைக் காண்பாய்" என வழி காட்டுகின்றான். சிறுபாணாற்றுப்படை கூறும் தலைவன் நல்லியக்கோடன். அவனது ஓய்மானாடு திண்டிவனத்தைச் சூழ்ந்த நாடு. புதுவைக்கு வடக்கே அணித்தாக உள்ளது. பரிசில் பெற்றான் பெறாதானுக்கு வழிகாட்டல் என்னும் இவ்வறம் நம் மண்ணுக்கு அயலதன்று. பேரரங்கு ஏறிய பாடகனது பெருமையை யாம் அளப்பதும் இவ்வறத்தைக் கொண்டே.

அறிவு என்னும் ராப் பாடகரை எடுத்துக்கொள்வோம். அரக்கோணத்தைச் சார்ந்த இவர் 2019-ல் 'தெருக்குறள்' என்னும் தொகுதியை வெளியிட்டார். 2018-ல் சென்னையில் முதற்கச்சேரி நிகழ்த்திய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவிலும் இவர் பாடினார். 2021 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் இசையில் தீயும் அறிவும் பாடி வெளிவந்த 'எஞ்சாயி எஞ்சாமி' உலகெங்கும் பரவிற்று. அப்பாட்டின் உள்ளே ஒப்பாரி ஒலிக்கின்றது. அதன் வேர், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து மீண்ட அறிவின் பாட்டியார் வள்ளியம்மாளின் வாழ்வில் உள்ளது.

அப்பாட்டுக்கு நேர்ந்தது யாது? 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' என்னும் இசை இதழின் அட்டையில் அறிவின் உருவம் இடம்பெறவில்லை. இயக்குநர் பா. இரஞ்சித் முதலியோர் வினாவெழுப்பிய பின்னர், அறிவின் படந்தாங்கிய மற்றோர் அட்டை வெளிவந்தது. 2022 ஜூலை 28-ஆம் நாள், சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாடு தொடங்கிற்று. அம்மாபெரும் அரங்கில் அப்பாட்டைத் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் பாடினர். அறிவு அங்கு இல்லை. அதன்பின் பாட்டின் ஆக்கத்தில் எவர்க்கு எத்துணைப் பங்கு என்பது பற்றி அறிவும், இசையமைப்பாளரும், தீயும் தத்தம் விளக்கங்களை வெளியிட்டனர். 2024-ல் அப்பாட்டால் தமக்கு வருவாய் ஒன்றும் வந்திலது என இசையமைப்பாளர் வெளிப்படக் கூறினார். அவ்வழக்கைத் தீர்ப்பது எம் பணியன்று. அதற்கு வேண்டிய சான்றும் எம்மிடம் இல்லை. யாம் காண்பது இதுவே: பல கோடி முறை கேட்கப்பெற்ற பாட்டின் ஆசிரியர்க்கே 'என் பெயர் எங்கே?' என்று வினவும் நிலை வருமாயின், தெருவில் பாடும் முதியவளின் பெயரை எவர் வினவுவார்?

இவ்வினாவுக்கு அறிவு தந்த விடையையே யாம் பெரிதும் மதிக்கின்றோம். 2024-ல் தாம் வெளியிட்ட தொகுதிக்கு அவர் 'வள்ளியம்மா பேராண்டி' எனப் பெயரிட்டார். இலண்டனிற் பிறந்து யாழ்ப்பாணத்தில் இளமை கழித்த மாதங்கி அருள்பிரகாசம் என்னும் எம்.ஐ.ஏ.வும் தம் முதல் தொகுதிக்கு (2005) 'அருளர்' எனத் தந்தையின் பெயரையும், அடுத்த தொகுதிக்கு (2007) 'கலா' எனத் தாயின் பெயரையும் இட்டார். தாயின் பெயரும் பாட்டியின் பெயரும் தொகுதியின் முகப்பில் நிற்க, அவை அரங்குதொறும் உடன் செல்கின்றன. இஃது ஆற்றுப்படையின் ஒரு கூறு என்பது எமது துணிபு.

நிற்க. பிறர் கடமையை எடுத்துரைப்பது எளிது. எம் கடமை யாது?

எம்மிற் சிலர் புதுவையின் ஊர்ப்புறத்துக் கொம்யூன்களாகிய வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளினின்றும் இக்கல்லூரிக்கு வந்தவர்கள். பாகூரைப் புதுவையின் நெற்களஞ்சியம் என்பர். அவ்வயல்களில் நடவுப் பாட்டு ஒலித்தது. இவ்வூர்ப்புறங்களில் திரௌபதியம்மன் திருவிழாக்களில் தெருக்கூத்து விடிய விடிய நடக்கும். வில்லியனூரில் திருக்காமீசர் கோயில் தேரும் உண்டு. 1877-ல் தோன்றிய லூர்து மாதா திருத்தலத்தின் தேர்ப்பவனியும் உண்டு. பாட்டுக்கும் மேளத்துக்கும் குறைவில்லை, குறைவு பெயருக்கே. எவ்வூர் விழா அறிவிப்பை நோக்கினும், நன்கொடை அளித்தார் பெயர்கள் நிரல்பட நிற்கும். பறை முழக்கினார் பெயரைக் காண்டல் அரிது.

எம் பிழை ஒன்றையும் ஈண்டு ஒளியாது உரைப்போம். பாகூர் ஏரியின் நீர் பாயும் சிற்றூர் ஒன்றில், விடுமுறை நாளில், இழவு வீடு ஒன்றிற்குச் சென்றிருந்தோம். மூதாட்டி ஒருவர் மார்பில் அறைந்து ஒப்பாரி சொன்னார். இறந்தவர் நட்ட மரமும், கட்டிய கடனும், கண்ட கனவும் அவர் நாவில் அடுக்கடுக்காக எழுந்தன. எதுகை தேடி அவர் நின்றதில்லை. எதுகை அவரைத் தேடி வந்தது. யாம் கைப்பேசியில் அதனைப் பதிந்துகொண்டோம், நண்பர்க்கும் அனுப்பினோம், அவர்கள் பிறர்க்கு அனுப்பினர். பல நாள் கழித்து எம் தோழர் ஒருவர், "பாடியவர் யார்?" என்றார். எமக்குத் தெரியவில்லை. தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்பார்க்கு இதனினும் நாணத்தக்கது வேறில்லை. அடுத்த விடுமுறையில் அவரைத் தேடிச் சென்றோம். செய்ததைச் சொல்லிப் பொறுத்தருள வேண்டினோம். அவர் சிரித்தார். "என் பேரை எழுதி என்ன தம்பி ஆகப்போவுது? பாட்டு எங்க ஆயாவோடது. அது பேரை எழுதிக்க" என்றார். தம் பெயரைக் கேட்டார்க்குத் தமக்கு முன்னவள் பெயரைத் தந்தார். ஆற்றுப்படையை அவர் படித்ததில்லை.

பெயர் என்ன அத்துணைப் பெரிதோ என்பார்க்கு நம் தொகை நூல்களே விடை. பாடினார் பெயர் மறைந்தபோது, பாட்டினுள் சிறந்து நின்ற தொடராலேயே அவர்க்குப் பெயரிட்டனர் நம் முன்னோர். செம்புலப் பெயல்நீரார், அணிலாடு முன்றிலார் என்பன அத்தகைய பெயர்கள். பெயரின்றி ஒரு பாட்டை விட்டுவைக்க அவர்கட்கு மனம் வரவில்லை. வேதாகமத்துச் சங்கீதப் புத்தகத்தை நோக்கினும், தாவீது அரசனது பெயர் மட்டுமன்று, ஆலயப் பாடகராகிய ஆசாபின் பெயரும் கோராகின் புத்திரர் பெயரும் சங்கீதங்களின் தலைப்பில் நிற்றலைக் காணலாம். அரசனும் பாடகனும் ஒரே நூலில் ஒப்ப நிற்கின்றனர்.

ஆகலின் யாம் வேண்டுவன மூன்று. முதலாவது, பேரரங்கிற் பாடும் ராப் பாடகர், தாம் எடுத்தாளும் ஒப்பாரியும் பறையும் கானாவும் எவரிடத்துப் பெற்றன என்பதை மேடையிலே பெயர் சொல்லி உரைத்தல். இயலுமாயின் அவரையே மேடையேற்றி, வரும்படியில் உரிய பங்கும் அளித்தல். இரண்டாவது, நுழைவுச் சீட்டுக்குப் பணம் செலுத்தும் நாம், தெருக்கூத்தைக் காணுங்கால் வெறுங்கையராய் நில்லாமை. மூன்றாவது, நம் கல்லூரிக்கு உரியது. விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும், தம் ஊர்ப் பாடகர் ஒருவரது பாட்டை அவர் இசைவு பெற்றுப் பதிந்து, பெயரும் ஊரும் குறித்து நூலகத்திற் சேர்த்தல் வேண்டும். கல்லூரி ஆண்டு விழாவிலும் ஆண்டுதோறும் மூவரையேனும் அழைத்து, பெயர் அச்சிட்டு, தக்க ஊதியம் நல்கி, மேடையிற் பாடச் செய்தல் வேண்டும்.

இதற்குப் பொருள் எங்கே என்பாரும் இருப்பர். ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரில் விளங்கிய கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டன எனப் பாகூர்ச் செப்பேடு கூறுகின்றது. அன்று மூன்று ஊர்களின் விளைவு ஒரு கல்விச்சாலையைத் தாங்கிற்று. இன்று ஒரு கல்லூரி மூன்று ஊர்ப் பாடகரை ஒருநாள் தாங்குதல் இயலாததொன்றோ?

பேரரங்குகள் பெருகுக, தமிழ் ராப் அவற்றில் முழங்குக, யாமும் சீட்டு வாங்கிச் சென்று கேட்போம். ஆயின் அங்கே ஒளிவிளக்கின்கீழ் நிற்கும் இளைஞன் ஒரு கணம் நின்று, ஒரு முதியவளின் பெயரைக் கூறுவானாயின், அக்கணமே அவன் உண்மையில் அரங்கேறினான் என்று கொள்வோம். அதற்கு முன்னோடியாக, நம் ஆண்டு விழா மேடையில் அவ்வொப்பாரியாளரின் பெயரும் அவர்தம் ஆயாவின் பெயரும் ஒலிக்குமாறு செய்ய முற்படுவோமாக.