விசா வந்தால் விடிந்துவிடுமா?

பெரம்பலூருக்கு வடக்கே திருச்சி–சென்னை நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது வாலிகண்டபுரம். வாலீஸ்வரர் கோயில், பள்ளிவாசல், சுற்றிலும் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். இந்த ஊரிலும் பக்கத்திலுள்ள வி.களத்தூரிலும் லப்பைக்குடிக்காட்டிலும் “வெளிநாட்டுல இருக்கார்” என்றால் நெடுங்காலமாக அரபு நாடு என்றுதான் பொருள். துபாய், சவூதி, குவைத் சம்பாத்தியம் இங்கே வீடு கட்டியிருக்கிறது, கடனை அடைத்திருக்கிறது, தங்கைகளைக் கரையேற்றியிருக்கிறது.

அந்த அனுபவம் ஊருக்குள் ஒரு நம்பிக்கையை ஆழமாக விதைத்துவிட்டது. எப்படியாவது போய்ச் சேர்ந்துவிட்டால் போதும், மீதி தானாக நடக்கும் என்பதுதான் அது. இன்று அதே நம்பிக்கையோடு பிள்ளைகளை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்புகிறார்கள். “ஏஜெண்டு எல்லாத்தையும் பார்த்துக்குவாரு. போனதும் பார்ட் டைம் வேலை செஞ்சு கடனை அடைச்சிடுவான்” என்ற பேச்சைப் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் எந்த டீக்கடையிலும் கேட்கலாம். எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி, அந்தப் பட்டத்துக்கு என்ன மதிப்பு என்ற கேள்விகள் அந்தப் பேச்சில் வருவதில்லை. “விசா வந்துடுச்சா?” என்பது மட்டும் வருகிறது.

இந்த நம்பிக்கை தவறானது. நிலப் பத்திரத்தை அடகு வைக்கும் குடும்பங்களுக்கு அது ஆபத்தானது.

வேலை விசாவில் போகிறவருக்குப் போன மறுமாதம் சம்பளம் வரும். அவருக்கு ஆன செலவு முன்கூட்டியே முடிந்துபோன செலவு. படிப்பு விசாவில் போகிறவருக்குச் செலவே அங்கே இறங்கிய பிறகுதான் தொடங்குகிறது. கட்டணம், வாடகை, சாப்பாடு, காப்பீடு என்று ஒன்றிரண்டு ஆண்டுகளுக்குப் பணம் இங்கிருந்து அங்கே போய்க்கொண்டே இருக்கும். அப்பா பார்த்த வளைகுடாக் கணக்கை மகனின் படிப்புக்குப் போட்டால் விடை பிழையாகத்தான் வரும்.

“பார்ட் டைமில் அடைத்துவிடலாம்” என்பதையே எடுத்துக்கொள்வோம். பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவர் பாட நாட்களில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். 2025 ஏப்ரலில் அங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு. ஒரு வாரம்கூட விடாமல் 20 மணி நேரமும் வேலை கிடைத்தால் மாதத்துக்கு ஏறத்தாழ 1,058 பவுண்டு வரும். லண்டனுக்கு வெளியே தங்கிப் படிக்கும் மாணவர் மாதத்துக்கு 1,136 பவுண்டு கையிருப்பு காட்ட வேண்டும் என்று அதே ஆண்டின் தொடக்கத்தில் பிரிட்டன் அரசு நிர்ணயித்திருந்தது. அந்த 20 மணி நேரமும் ஓடி உழைத்தாலும் அந்த அரசே சொல்லும் வாழ்க்கைச் செலவுக்குக்கூட அந்தக் கூலி போதாது. இதில் கல்லூரிக் கட்டணத்தை எதிலிருந்து கட்டுவது, வங்கிக் கடனை எதிலிருந்து அடைப்பது?

கடனும் காத்திருப்பதில்லை. படிக்கும் காலத்தில் தவணை கட்ட வேண்டாம் என்று வங்கி சொல்வது அசலுக்குத்தான் பொருந்தும். வட்டி முதல் நாளிலிருந்தே ஏறுகிறது. 30 லட்சம் ரூபாய் கடன், 11 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் மாதம் 27,500 ரூபாய் வட்டி மட்டும். சிறுபான்மை மாணவர்களின் வெளிநாட்டுக் கல்விக் கடனுக்குப் படிப்புக் காலத்து வட்டியை மானியமாகத் தந்த ‘படோ பர்தேஷ்’ திட்டத்தையும் ஒன்றிய அரசு 2022-23இல் நிறுத்திவிட்டது. லப்பைக்குடிக்காட்டு முஸ்லிம் மாணவிக்கு அந்தத் தாங்கலும் இப்போது இல்லை.

ஏஜெண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார் என்பது இதைவிடப் பெரிய மயக்கம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி ஒன்றிய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். சவூதிக்குப் போகிறவர் பதிவு எண்ணைக் கேட்டுச் சரிபார்க்கலாம். படிப்புக்கு ஆள் அனுப்புகிறவருக்கு அந்தச் சட்டத்தில் பதிவு தேவையில்லை. மாடியில் ஓர் அறை, சுவரில் நான்கு கொடிகள், மேசையில் ஒரு மடிக்கணினி இருந்தால் கன்சல்டன்சி தயார். மாதச் சம்பளத்துக்கு அனுப்புகிறவருக்கு இருக்கும் கட்டுப்பாடு, முப்பது லட்சம் செலவழிக்க அனுப்புகிறவருக்கு இல்லை.

“எங்க சேவை இலவசம்” என்று அவர்களில் பலர் சொல்வது உண்மைதான். மாணவரிடம் வாங்காத பணத்தைப் பல்கலைக்கழகத்திடம் வாங்கிக்கொள்கிறார்கள். பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா ஆகிய நாடுகளின் பல கல்வி நிறுவனங்கள் மாணவரைச் சேர்த்துவிடும் முகவருக்கு முதலாண்டுக் கட்டணத்தில் ஒரு பங்கைத் தரகாகத் தருகின்றன. கட்டணம் ஏற ஏறத் தரகும் ஏறும். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணமே கிடையாது; தரகுக்கும் அங்கே வழியில்லை. ஜெர்மனி என்று கேட்டுப் போகும் மாணவருக்குக் கட்டணம் வாங்கும் தனியார் கல்லூரிகளின் பட்டியல் முதலில் நீட்டப்படுவது இதனால்தான். பிரிட்டன் அரசின் குடிவரவு ஆலோசனைக் குழுவே 2024 மே மாத அறிக்கையில் சில முகவர்கள் மாணவர்களுக்குத் தவறான வாக்குறுதிகள் தருவதைக் கண்டித்தது.

முகவரை நம்பியவர்களுக்கு என்ன நேரும் என்பதற்குக் கனடா சாட்சி. ஜலந்தரைச் சேர்ந்த பிரிஜேஷ் மிஸ்ரா என்ற முகவர் போலிச் சேர்க்கைக் கடிதங்களைத் தயாரித்து மாணவர்களை அனுப்பினார். அந்தக் கடிதங்களைக் காட்டித்தான் விசாவும் வந்தது. போய் இறங்கியவர்களிடம் அந்தக் கல்லூரியில் இடமில்லை, வேறு கல்லூரியில் சேருங்கள் என்றார். அவர்களும் சேர்ந்து படித்து முடித்தார்கள். நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமைக்கு விண்ணப்பித்தபோதுதான் பழைய கடிதம் போலி என்று தெரிந்து, 2023இல் பலர் நாடு கடத்தப்படும் நிலைக்கு வந்தார்கள். மிஸ்ராவுக்கு 2024இல் கனடா நீதிமன்றம் மூன்று ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. அந்த மாணவர்கள் எல்லோருக்கும் விசா வந்திருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

மருத்துவப் படிப்பில் இந்த நம்பிக்கை செய்யும் சேதம் இன்னும் கொடியது. அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த அனிதா பிளஸ் டூ தேர்வில் 1,200க்கு 1,176 மதிப்பெண் எடுத்தவர். மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். நீட் தேர்வால் மருத்துவக் கனவு கலைந்து, 2017 செப்டம்பர் 1 அன்று உயிரை விட்டார். அந்த வலியை இந்த மண் இன்னும் சுமக்கிறது. அந்த வலியையே முதலாக்கி, “இங்கே சீட் இல்லையா, அங்கே வாங்கித் தருகிறோம்” என்று விளம்பரம் செய்கிறவர்கள் பெருகிவிட்டார்கள்.

அவர்கள் சொல்லாமல் விடுவது இதுதான். இந்தியாவில் மருத்துவராகப் பதிவு செய்ய வேண்டுமானால் வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்வதற்கும் நீட் தேர்ச்சி வேண்டும். தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பர் 18 அன்று வெளியிட்ட விதிகளின்படி படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் நடக்க வேண்டும். அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி முடிக்க வேண்டும். அந்த நாட்டிலேயே மருத்துவராகப் பதிவு செய்யத் தகுதி தருவதாக இருக்க வேண்டும். திரும்பி வந்து இங்கேயும் 12 மாதப் பயிற்சி செய்ய வேண்டும். தமிழக மாணவர்கள் கூட்டம் கூட்டமாகப் போன பிலிப்பைன்ஸில் எம்.டி. படிப்பு நான்கு ஆண்டு, அதாவது 48 மாதம். அதற்கு முந்தைய பி.எஸ். படிப்பை மருத்துவப் படிப்பின் பகுதியாக ஆணையம் ஏற்கவில்லை. ஆறு மாதக் குறைவு ஒரு பட்டத்தையே இங்கே செல்லாததாக்கிவிடும்.

இவற்றையெல்லாம் தாண்டி வந்தவர்களுக்கு வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்கான தேர்வு காத்திருக்கிறது. மொத்தம் 300 கேள்வி, அதில் 150 சரியாக இருக்க வேண்டும். 2024 ஜூனில் அதை எழுதியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான் தேறினார். மற்ற நால்வரின் வீட்டிலும் கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. உக்ரைனில் 2022 பிப்ரவரியில் போர் மூண்டபோது பதுங்கறைகளிலிருந்து மீட்கப்பட்ட மருத்துவ மாணவர்களில் தமிழர் ஏராளம். உயிரோடு வந்தார்கள் என்று ஊர் நிம்மதி அடைந்தது. பாதியில் நின்ற படிப்பை எங்கே தொடர்வது என்று அவர்கள் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது.

போய்ச் சேர்ந்த பிறகு அந்த நாடு பார்த்துக்கொள்ளும் என்பதும் நடப்புக்கு மாறானது. கனடாவில் முதலாண்டு வாழ்க்கைச் செலவுக்காக 10,000 டாலர் காட்டினால் போதும் என்றிருந்த விதி 2024 ஜனவரியில் 20,635 டாலராக ஏறியது. அதே மாதம் மாணவர் அனுமதிகளுக்கு உச்சவரம்பும் வந்தது. பிரிட்டனில் 2024 ஜனவரியிலிருந்து, ஆராய்ச்சிப் படிப்பு தவிர்த்த மற்ற மாணவர்களில் பெரும்பாலோர் குடும்பத்தை அழைத்துப் போக முடியாது. படிப்புக்குப் பின் அங்கே தங்கும் காலமும் 2027 ஜனவரி முதல் இரண்டு ஆண்டிலிருந்து பதினெட்டு மாதமாகக் குறைகிறது. அண்ணன் போன வழி தம்பிக்கு இல்லை. மூன்று ஆண்டுக்கு முன் போனவரின் கதையைக் கேட்டு இன்று கடன் வாங்குவது, போன ஆண்டுச் சந்தை விலையை நம்பி இந்த ஆண்டு வெங்காயம் நடுவது போன்றது.

அப்படியானால் கிராமத்துப் பிள்ளைகள் வெளிநாட்டுப் படிப்பை நினைக்கவே கூடாதா என்று சிலர் கோபப்படலாம். அவர்கள் போகத்தான் வேண்டும். நகரத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் எழுதி வைத்த உரிமை அல்ல அது. பணத்தைக் கொட்டித்தான் போக வேண்டும் என்ற எண்ணத்தைத்தான் உடைக்க வேண்டும்.

திறந்திருக்கும் கதவுகள் பல. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்கள் வெளிநாட்டில் முதுநிலை, முனைவர் பட்டம் படிக்கத் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை தருகிறது. ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில் ஆண்டுக்கு 125 இடம். அதில் நிலமற்ற விவசாயத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகை கட்டணத்தை ஏற்பதோடு மாதம் 1,400 யூரோவும் தருகிறது. ஜெர்மனிக்கு ஓராண்டு வாழ்க்கைச் செலவாக 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் போட வேண்டும். அது கல்லூரிக்குப் போகும் கட்டணம் அல்ல, மாதாமாதம் மாணவரின் கைக்கே திரும்பி வரும் பணம். இவற்றுக்கெல்லாம் மாணவரே விண்ணப்பிக்கலாம். வேண்டியது நல்ல மதிப்பெண், மொழித் தேர்ச்சி, ஓராண்டு முன்னேற்பாடு. பிளஸ் டூ முடித்த மே மாதத்தில் ஓடிப்போய் ஃபைல் போடுகிறவருக்கு இவற்றில் ஒன்றும் கிடைக்காது. கல்லூரி மூன்றாம் ஆண்டிலேயே தேடத் தொடங்குகிறவருக்குக் கிடைக்க வழியுண்டு.

அரசும் கைகட்டி நிற்கக் கூடாது. வேலைக்கு அனுப்பும் முகவருக்கு உள்ளதுபோலப் படிப்புக்கு அனுப்பும் முகவருக்கும் கட்டாயப் பதிவு வேண்டும். எந்தக் கல்லூரியிடம் என்ன தரகு பெறுகிறார் என்பதை மாணவரிடம் எழுதித் தர வேண்டும். வழிகாட்டும் மையம் சென்னையில் இருந்தால் போதாது, ரயில் வசதிகூட இல்லாத பெரம்பலூரிலும் இருக்க வேண்டும்.

அதுவரை பெற்றோர் தாங்களே கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. இந்தப் பட்டம் இந்தியாவில் செல்லுமா? மொத்தச் செலவு, கடைசி மாத வாடகை வரை, எவ்வளவு? பகுதிநேர வேலையே கிடைக்காவிட்டால் அந்தச் செலவை யார் தாங்குவது? என் பிள்ளையைச் சேர்த்துவிட்டால் உங்களுக்கு அந்தக் கல்லூரி எவ்வளவு தரும்? நான்குக்கும் பதிலை எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால், கொண்டுபோன நிலப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.