தமையனாரும் அவர் நாயும்

சென்ற கோடையில் விடுப்பெடுத்து இங்கிலாந்து சென்று வந்தோம். ஊர் சுற்றும் ஆசையினால் அன்று. மான்செஸ்டரை அடுத்த ஆஷ்டன் என்னும் ஊரில் வாழும் நம் தமையனார், அண்ணியார் மறைந்த பின் மாலைதோறும் மதுக்கடைக்குப் போகிறார் என்ற செய்தி கல்யாணிலுள்ள அன்னையாரின் செவிக்கு எட்டிவிட்டது. "நீயே போய்ப் பார்த்துவிட்டு வா" என்றார்கள். பயணச் செலவைத் தமையனாரே ஏற்றுக்கொண்டார்.

போய்ச் சேர்ந்த மறுநாள் மாலை நம்மை அவர் அழைத்துச் சென்றது ரயிலடிக்கு! அண்ணியார் வளர்த்த நாயும் உடன் வந்தது. அந்நாட்டு ரயிலில் பயணி ஒருவர் இரண்டு நாய்கள் வரை கட்டணமின்றி அழைத்துச் செல்லலாம். நாய்க்கு லக்கேஜ் சீட்டு எழுதிப் பழகிய நமக்கு அது வியப்பாக இருந்தது.

அடுத்த நிலையம் ஸ்டேலிபிரிட்ஜ். அதன் பிளாட்பாரத்திலேயே 1885-ஆம் ஆண்டு முதல் ஒரு மதுச்சாலை உள்ளது. சலவைக்கல் மேடை, கணப்பு, பழைய ரயில்வே நினைவுப் பொருள்கள்! அங்கு வார்ப்பது 'ரியல் ஏல்' என்னும் பழைய முறைப் பார்லி மது. பீப்பாய்க்குள்ளும் ஈஸ்ட் உயிரோடிருந்து அதனை நொதிக்கச் செய்கிறது. வெளியிலிருந்து வாயு ஏற்றாமல், கைப்பம்பினால் இறைக்கிறார்கள். திறந்த பீப்பாய் சில நாட்களில் சுவை கெட்டுவிடும். பெரிய ஆலைகளின் வாயு ஏற்றிய மதுவால் இம்முறை அழியாதிருக்க, 1971-இல் ஓர் இயக்கமே தோன்றியது.

நாம் எலுமிச்சை சோடாவோடு நிறுத்திக்கொண்டோம். வேகவைத்த கறுப்புப் பட்டாணியில் வினிகர் ஊற்றித் தந்தார்கள். நம் சுண்டலுக்குத் தூரத்து உறவு!

நாயை உள்ளே விடுவதும் மறுப்பதும் கடைக்காரரின் விருப்பம். சமையலறைக்குள் மட்டும் அது செல்லலாகாது. வாருடன் மேசையடியில் படுத்திருக்க வேண்டும். அதற்குத் தண்ணீர் மட்டுமே. ஏலில் சேரும் ஹாப்ஸ் பூ நாய்க்கு நஞ்சு.

தமையனார் மெல்லச் சொன்னார்: "அவள் போன பிறகு நான்கு மாதம் அலுவலகத்துக்கு வெளியே யாரிடமும் பேசவில்லையடா. ஒரு மழை நாளில் இதுதான் என்னை இங்கே இழுத்து வந்தது. ஒரு முதியவர் நாயின் பெயரைக் கேட்டார். மறுநாள் என் பெயரைக் கேட்டார். இப்போது இரண்டு நாள் வராவிட்டால் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள்."

இரண்டு மணி நேரத்தில் அவர் அருந்தியது அரைப் பைண்டு, அதாவது 284 மில்லி லிட்டர். உளவு பார்க்க வந்தவராதலின் எண்ணிக்கொண்டிருந்தோம், எண்ணியதற்கு வெட்கினோம்.

ஊர் திரும்பியதும், "குடிக்கிறானா?" என்றார் அன்னையார்.

"சிறிது. ஆனால் பேசுகிறார், அம்மா. சிரிக்கிறார்."

நெடுநேரம் வாளாவிருந்தவர், "அந்த நாய்க்கு வேளைக்குச் சோறு போடுகிறானா?" என்று கேட்டார்.

அன்பர்களே, மதுவைப் புகழ நாம் வரவில்லை. அது பல குடும்பங்களைக் கெடுத்ததை நாம் அறிவோம். ஆயினும் நம் குடியிருப்புகளிலும் துணையிழந்து தனித்திருப்போர் உண்டு. அவர் கதவைத் தட்டிப் பெயர் கேட்க, மதுச்சாலையும் வேண்டியதில்லை, நாயும் வேண்டியதில்லை. இந்த ஞாயிறு சங்கத்துக்கு வரும்போது ஒருவரையேனும் உடன் அழைத்து வாருங்கள்.