பச்சை குத்திக்கொள்ள ஏற்ற வயது எது?

பச்சை குத்திக்கொள்வது இக்கால இளைஞர்களின் மோகம் என்று பெரியோர் சலித்துக்கொள்கிறார்கள். ஆனால் இது மிகப் பழைய வழக்கம். ஆல்ப்ஸ் மலைப் பனியில் 1991-இல் கண்டெடுக்கப்பட்ட, சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதனின் உடலில் 61 பச்சைக் குறிகள் உள்ளன. நம் கிராமங்களிலும் குறத்தியர் வந்து பெண்களின் கைகளில் கோலமும் தேளும் குத்திச் சென்ற காலம் ஒன்று இருந்தது.

என் அப்பத்தாவின் கையில் ஒரு பெயர் உண்டு. மணமான புதிதில் மாமியார் சொல்லக் குத்தியது. எழுதப் படிக்கத் தெரியாத அவர் கணவரின் பெயரை வாயால் சொல்லமாட்டார். யாரேனும் கேட்டால் கையை நீட்டிக் காட்டுவார். இதைப் பட்டிக்காட்டு வழக்கம் என்று ஏளனம் செய்த நகரம், இன்று 'டாட்டூ' என்று பெயர் சூட்டி ஆயிரக்கணக்கில் பணம் கொடுக்கிறது. பெயர் மாறினால் இழிவு பெருமையாகிவிடுமா?

அறிவியல் மாணவர்களாகிய நாம் ஒன்றைக் கருத வேண்டும். மேல்தோல் ஏறத்தாழ ஒரு மாதத்தில் உதிர்ந்து புதிதாகிறது. ஊசியோ அதற்கும் கீழே, உள்தோலில் மையைச் செலுத்துகிறது. அங்குள்ள விழுங்கு செல்கள் மையை விழுங்கி வைத்துக்கொள்கின்றன. அவை மடிந்தால் புதிய செல்கள் அதே மையைப் பற்றிக்கொள்கின்றன. காதல் மறைந்த பின்னும் காதலித்தவர் பெயர் மறையாதது இதனால்தான்! லேசர் கொண்டு அழிக்கப் பலமுறை செல்ல வேண்டும். அப்போதும் முழுதும் அழியும் என்ற உறுதி இல்லை. தூய்மையற்ற ஊசி ஹெபடைடிஸ், எய்ட்ஸ் கிருமிகளைக் கொண்டுவரக்கூடும். குத்திக்கொண்டவர் நம் நாட்டு விதிப்படி ஓராண்டுக்கு இரத்ததானம் செய்ய இயலாது. இராணுவத்தில் சேர விரும்புவோர்க்கு, முன்கையின் உட்புறமும் புறங்கையும் தவிரப் பிற இடங்களில் பொதுவாக அனுமதி இல்லை. நம்மில் எத்தனை பேர் சீருடைப் பணியை நம்பியிருக்கிறோம்!

ஐம்பது வயதில் ஒருவர் முதன்முறையாகக் குத்திக்கொண்டால், "இந்த வயதில் இது தேவையா?" என்று சிரிக்கிறோம். அதுவே தக்க வயது என்பேன் நான். அப்பத்தாவை அன்று யாரும் கேட்கவில்லை. நாமோ நண்பர்களைக் கேட்டுக் கையை நீட்டுகிறோம். ஐம்பதில் இருப்பவர் தம்மையே கேட்டுக்கொள்கிறார். இறுதிவரை தம்மோடு வரத் தகுந்தது எது என்று அறிந்திருக்கிறார்.

பச்சையே கூடாது என்பது என் கட்சி அன்று, நண்பர்களே. சற்றுப் பொறுக்கலாம் என்பதே. பட்டம் பெற்று, ஒரு வேலையில் அமர்ந்து, பத்தாண்டு கழிந்த பின்னும் அந்த ஆசை அழியாதிருந்தால், அதுவே அழியாத மைக்கு உரியது.