பனிச்சரிவும் விதியும்

வைப்பாற்றங்கரையில், கரிசல் நிலத்து வெம்மையில் வாழும் சாத்தூரார்க்குப் பனிமலைகளைப் பற்றிய ஆராய்ச்சி எற்றுக்கு என நண்பர் சிலர் வினவக்கூடும். நம்முட் பனி பொழியக் கண்டோர் மிகச் சிலரே. எனினும் இமயத்திற்கும் நமக்கும் தொடர்பில்லை என்பது பொருந்தாது. நம் விருதுநகர் மாவட்டத்து ஜோகில்பட்டியைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி அம்மையார் 2023ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் எவரெஸ்ட் உச்சியை எய்தி, அவ்வருஞ்செயலை ஆற்றிய தமிழ்நாட்டு மகளிருள் முதல்வரானார். மற்றொரு தொடர்பு துயரம் மிக்கது. 2016ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள், சியாச்சின் பனியாற்றின்கண் ஏறக்குறைய 19,600 அடி உயரத்திலிருந்த சோனம் காவல் நிலையின்மீது பனிச்சுவர் சரிந்து, மதராஸ் ரெஜிமெண்டின் 19ஆம் பட்டாளத்தினர் பதின்மரைப் புதைத்தது. அவருள் நால்வர் வேலூர், மதுரை, தேனி, கிருஷ்ணகிரி மாவட்டங்களைச் சேர்ந்த தமிழர். ஆறாம் நாள் உயிருடன் மீட்கப்பட்ட ஹனுமந்தப்பா என்னும் கன்னட வீரரும் பிப்ரவரி 11ஆம் நாள் மருத்துவமனையில் உயிர் நீத்தார்.

இத்தகைய செய்தி வருந்தோறும், "எல்லாம் விதி" என்னும் சொல் நம் நாவில் எளிதாக எழுகின்றது. அச்சொல் ஆறுதல் தருவது போலத் தோன்றினும், அறிவின் வாயிலை அடைத்துவிடுகின்றது என்பதே நம் கருத்து.

பனிச்சரிவு என்பது காரணமின்றி வருவதொன்றன்று. பனிக்காலத் தொடக்கத்தில் மெல்லிதாகப் பெய்த பனியின்மேல் கடுங்குளிர் பல நாள் நீடிக்குமாயின், கீழேயுள்ள நிலத்தின் வெம்மைக்கும் மேலேயுள்ள காற்றின் தண்மைக்கும் இடைப்பட்டு, அப்பனி அஸ்காச் சர்க்கரை போல ஒன்றோடொன்று ஒட்டாத மணிகளாய் மாறுகின்றது. பின்னர்ப் புயற்காற்று வாரிக் கொணரும் பனி அதன்மேற் கெட்டிப் பலகை போலப் படிகின்றது. பார்ப்போர் கண்ணுக்கு வெண்பட்டு விரித்தாற்போன்ற அச்சரிவு, உண்மையில் மணலின்மேல் நிறுத்திய சுவரேயாம். 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளே பெரிதும் அஞ்சத்தக்கன. அவற்றில் ஒருவன் காலடி வைத்த அளவில், அடியிலுள்ள மணிகள் நொறுங்கப் பலகை முழுதும் பெயர்ந்து பாய்கின்றது. விருப்பத்தால் மலையேறச் சென்று இவ்வாறு மாண்டோர் வரலாறுகளை ஆய்ந்தோர், பெரும்பாலானவற்றில் சரிவை எழுப்பியவர் அதில் அகப்பட்டவரோ அவருடன் சென்றவரோ ஆவர் எனக் கண்டுள்ளனர். விதி என்பார் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

மலை தன் கருத்தை மறைப்பதுமில்லை. முந்திய ஓரிரு நாளிற் பெய்த மிகுபனி, பலத்த காற்று, திடீரென ஏறும் வெப்பம், அண்டைச் சரிவுகளிற் புதிதாக வீழ்ந்த பனி, காலடியில் எழும் "உம்" என்னும் முழக்கம், ஓடும் வெடிப்பு ஆகியன அது கூறும் எச்சரிக்கைகள். இவற்றைக் கண்டும் மேற்செல்வது வீரமாகாது. புதையுண்டாரைக் கால்மணி நேரத்துள் தோண்டியெடுப்பின் பெரும்பாலோர் பிழைப்பர். அரைமணி கடந்தபின் பிழைப்போர் மூவரில் ஒருவரே. ஆதலின் ஊரிலிருந்து உதவி வருமென எதிர்பார்ப்பது வீண். இருக்குமிடம் அறிவிக்கும் சிறு வானொலிக் கருவி, பனியைக் குத்திப் பார்க்கும் கோல், மண்வாரி ஆகிய மூன்றும் உடன்செல்வார் ஒவ்வொருவரிடமும் இருத்தல் வேண்டும்.

தேர்ச்சி மிக்கார்க்கு அபாயமில்லை என்பாரும் உளர். 2022ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் உத்தரகாண்டத்துத் திரௌபதி கா டண்டா மலையிற் பனிச்சரிவில் மாண்டவருள், அவ்வாண்டு மே மாதத்தில் எவரெஸ்ட், மக்காலு என்னும் இரு பெருஞ்சிகரங்களையும் 16 நாளில் ஏறி முடித்த சவிதா கன்ஸ்வால் என்னும் நங்கையும் ஒருவர். பனி எவருடைய புகழையும் அறியாது.

நிற்க. திரும்பிவரும் உரிமை எல்லார்க்கும் உண்டோ என்பது அடுத்த வினா. மலையேறுவோன் விரும்பினால் திரும்பலாம். காவல் நிற்கும் போர்வீரன் திரும்பலாகாது. கூலிக்குச் சென்ற தொழிலாளி திரும்ப இயலாது. 2025ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் மாலை, பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி நிலையம் சமோலி மாவட்டத்திற்குப் பனிச்சரிவு எச்சரிக்கை விடுத்தது. மறுநாட் காலை மாணா என்னும் ஊரருகே, சாலைப் பணியாளர் 54 பேர் தங்கியிருந்த இருப்புக் கொட்டகைகளின்மேற் பனி சரிந்தது. 46 பேர் மீட்கப்பட்டனர், எண்மர் மாண்டனர். எச்சரிக்கை விடுத்தலொன்றே போதாது. அது செவிப்பட்டவுடன் கீழிறங்கத்தக்க நிலையில் ஏழையை வைத்தலும் வேண்டும். இதனைச் செய்யவேண்டுவோர் அவனை அங்கே அனுப்பினோரேயாவர்.

இவ்வுண்மை சாத்தூரார்க்குப் புதியதன்று. ஒட்டாத மணிகளின்மேற் குவிந்த பனியும், ஓர் அறையில் அளவுக்கு மிஞ்சிக் குவிந்த பட்டாசு மருந்தும் ஒரு தன்மையன. இரண்டும் ஓர் உராய்வுக்காகக் காத்துக் கிடப்பன. 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் நம் ஊரையடுத்த அச்சங்குளத்து வெடிவிபத்தில் இருபதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டபோதும், விதியென்றே பலர் பெருமூச்செறிந்தனர். இத்தனை பேர், இவ்வளவு மருந்து என ஒவ்வோர் அறைக்கும் வரம்பு வகுத்தவர் நெருப்பின் இயல்பை அறிந்தே வகுத்தனர். அறியத்தக்கதை அறியாதிருந்துவிட்டு அதற்கு விதியெனப் பெயரிடுதல் பக்தியாகாது. ஆலயத்துச் சிகரத்தினின்று குதிக்குமாறு சோதிக்கப்பட்ட காலை, நம் ஆண்டவரே அதனை மறுத்தனர் அல்லரோ?

ஆதலின் மாணவ நண்பர்களே, மலையேற விழைவீராயின் ஏறுமின், அவ்வார்வம் உயர்ந்ததே. ஆனால் சிகரம் கண்ணெதிரே நிற்க, மலை தரும் குறியறிந்து திரும்பி வந்தவனைக் கோழையென நகையாதீர். அவன் மறுபடியும் ஏறுவான். நாளை நீவிர் பலரை வேலைக்கு அனுப்பும் நிலையில் அமர்வீராயின், அவர்க்கும் அத்திரும்பும் வழியைத் திறந்து வைப்பீராக.