குறுக்கே எழுதி நெடுக்கே படிப்பது

பேத்தமங்களா ஏரியில் தேங்கிய பாலாற்று நீர்தான் வெகுகாலம் கோலார் தங்கவயலுக்குக் குழாயில் போனது. அதைக் குடித்தவர்களில் பெரும்பாலோர் சுரங்கத்தில் இறங்கிய தமிழர்கள். 2001 பிப்ரவரி 28ல் சுரங்கங்கள் மூடப்பட்டன.

அப்படியொரு சுரங்கத்தின் ஆள் பதிவேட்டைக் கற்பனை செய்துகொள்ளலாம். ஆளுக்கு ஒரு வரி. டோக்கன் எண், பெயர், சுரங்கம், ஷிப்ட், வேலை, சேர்ந்த ஆண்டு, கூலி, உடல்நிலை என்று நூறு கட்டங்கள். சம்பள நாளுக்கு இது கச்சிதம். எண்ணைச் சொன்னால் அந்த ஒரு வரியைப் பார்த்து கூலியை எண்ணிக் கொடுத்துவிடலாம்.

ஆனால், பாறை துளைக்கும் வேலையில் 15 ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர்களில் எத்தனை பேருக்கு நெஞ்சுக் கோளாறு என்று ஒரு டாக்டர் கேட்டால்? குமாஸ்தா எல்லாப் பக்கங்களையும் புரட்ட வேண்டும். வீண் கேள்வியல்ல. பாறைத் தூசி நுரையீரலில் படிந்து வரும் சிலிகோசிஸ் நோய், இந்தியாவில் முதன்முதலாக 1947ல் பதிவானதே இந்தச் சுரங்கங்களிலிருந்துதான். 1880களிலேயே தங்கம் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். தனி ஆளின் வரியில் அது வெறும் இருமலாகத்தான் தெரியும்.

வழக்கமான டேட்டாபேஸும் அந்தக் குமாஸ்தா மாதிரிதான். மூன்று கட்டங்களுக்காக நூறு கட்டங்களையும் டிஸ்க்கிலிருந்து இழுத்து வரும். பத்திவாரி டேட்டாபேஸ் பதிவேட்டை நெடுக்காக வெட்டி, ஒவ்வொரு பத்தியையும் தனியே அடுக்குகிறது. டாக்டரின் கேள்விக்கு மூன்று பத்திகளைத் தொட்டால் போதும். எல்லாப் பத்திகளிலும் 512வது இடம் ஒரே ஆளுக்கு உரியது என்பதால் குழப்பமில்லை. இடமும் மிச்சம். சுரங்கவாரியாக அடுக்கினால் 'நந்திதுர்க்கம்' என்பதை 4,000 முறை எழுத வேண்டியதில்லை. ஒருமுறை எழுதி, பக்கத்தில் 4,000 என்று குறித்தால் ஆயிற்று.

யோசனை புதிதல்ல. கனடாவின் புள்ளியியல் துறை 1970களிலேயே மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு இந்த முறையைக் கையாண்டது. 1990களில் சைபேஸ் ஐக்யூ அதைக் கடைச்சரக்காக்கியது. 2005ல் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் குழுவின் 'சி-ஸ்டோர்' ஆய்வு வந்த பிறகுதான் வேகம் பிடித்தது.

கோளாறும் உண்டு. புதிதாக ஒருவர் வேலைக்குச் சேர்ந்தால் நூறு பத்திகளிலும் கை வைக்க வேண்டும். ஆகவே அன்றாட வரவு செலவைப் பழைய பாணி டேட்டாபேஸில் வைத்துக்கொண்டு, இரவில் மொத்தமாகத் தகவல் கிடங்குக்கு ஏற்றுவது பல அலுவலகங்களில் வழக்கம். எந்தப் பத்திகளை ஏற்றுவது என்பதை முடிவு செய்வது நிர்வாகம். உடல்நிலைப் பத்தி 'தேவையில்லை' என்று அன்று விட்டுப்போனால், பிறகு கிடங்கில் தேடும் டாக்டருக்கு அப்படியொன்று இருந்ததே தெரியாது.